வரைபடத்தில் இல்லாத கோயில் விளையாட்டிலும் இல்லை



கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி. வீட்டுப்பாடம் முடியாமல் வரும் பிள்ளையிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் வரும் விடை அதுதான். ஆதலால், இந்தப் பொருள் குறித்து நான் எழுதுவேன் என்று என் சக ஆசிரியர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும், சில மாதங்களுக்கு முன்பு என் வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு சிறிய நிகழ்வு என் எண்ணத்தைப் பெரிதும் மாற்றிவிட்டது. அதனை உங்களுடன் பகிர்ந்துகொள்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

அன்று பெற்றோர் சந்திப்பு நாள். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் பாட்டியுடன் வந்திருந்தான். பெற்றோர் இருவருக்கும் வேலை. கையில் அண்ணனின் மடிக்கணினி. "டீச்சர், இங்க பாருங்க, நம்ம ஊரு!" என்று திரையைத் திறந்து காட்டினான். மைன்கிராஃப்ட் விளையாட்டில் எங்கள் சிற்றூர் கட்டை கட்டையாக எழுந்து நின்றது! பெரிய சாலை இருந்தது. எண்ணெய் நிலையம் இருந்தது. புதிய வீடமைப்புப் பகுதியின் வீடுகள் வரிசை மாறாமல் நின்றன. எங்கள் பள்ளிகூட ஒரு சாம்பல்நிறப் பெட்டியாகத் தெரிந்தது. இவ்வளவையும் அவன் கையால் கட்டவில்லை. வரைபடத் தரவைக் கொடுத்து ஒரு மென்பொருளிடம் சொன்னானாம். சில நிமிடங்களில் அது ஊரையே கட்டித் தந்துவிட்டதாம்.

பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன்டா தம்பி, நம்ம கோயில் எங்க? லயத்தையும் காணோமே?"

அவன் சற்றும் தயங்காமல் சொன்னான்: "அது மேப்புல இல்ல பாட்டி. மேப்புல இருந்தாதான் கேம்ல வரும்."

பாட்டி பிறந்து, மணமுடித்து, பால்மரம் வெட்டி, பிள்ளைகளை வளர்த்த தோட்டம் அந்தத் திரையில் வெறும் பச்சைப் புல்வெளியாக இருந்தது. பாட்டி மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால், அந்தச் சிறுவனின் விடை என்னை விட்டு அகலவில்லை.

விளையாட்டு உலகம் எங்கிருந்து வருகிறது?

அன்று மாலையே இதுபற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தொழில்நுட்பம் கற்றவள் அல்லள் நான். எனினும், இதன் அடிப்படை ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குப் புரியக்கூடியதாகவே இருக்கிறது.

இதற்கு இரண்டு வகைத் தரவுகள் வேண்டும். முதலாவது, நிலத்தின் உயரம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள்கள் புவியைச் சுற்றிவந்து, ரேடார் அலைகளைக் கொண்டு உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 80 விழுக்காட்டின் மேடு பள்ளங்களை அளந்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் அத்தரவு இன்று யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் அந்த ரேடார் அலை முழுவதுமாகத் தரையைத் தொடுவதில்லை. மரத்தின் மேற்பகுதியையே பெரிதும் அளந்து வந்துவிடுகிறது. ஆகையால், செம்பனைக் காடு நிற்கும் இடம் சற்றே உயர்ந்த மேடாகத் தோன்றக்கூடும்.

இரண்டாவது, நிலத்தின் மேலுள்ளவை: சாலை, ஆறு, கட்டடம், திடல். இவற்றைத் தருவதில் முதன்மையானது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004ஆம் ஆண்டு பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய இத்திட்டத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தத்தம் ஊரை வரைந்து சேர்க்கிறார்கள். விக்கிப்பீடியாவைப் போன்றதுதான், கட்டுரைக்குப் பதிலாக வரைபடம். அதில் ஒரு கட்டடம் என்பது நான்கைந்து புள்ளிகளை இணைத்த ஒரு வடிவம். "இது கட்டடம்", "இத்தனை மாடி", "இது வழிபாட்டிடம்" என்பன போன்ற குறிப்புகள் அதனுடன் ஒட்டப்பட்டிருக்கும்.

இனி எஞ்சுவது கணக்குத்தான். மைன்கிராஃப்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் கொண்டது. புவியில் ஒரு பாகை அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் ஒரு பாகை தீர்க்கரேகையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வடக்கே உள்ள டென்மார்க்கிலோ அது ஏறக்குறைய 62 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். இந்தக் கணக்கைக் கொண்டு, மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் மீட்டராக மாற்றி, மீட்டரைக் கட்டையாக அடுக்குகிறது. மாடி எண்ணிக்கை தரப்பட்டிருந்தால் அதற்கேற்பச் சுவர் எழுப்புகிறது. தரப்படவில்லையென்றால் தானே ஊகித்துக்கொள்கிறது. என் மாணவன் பயன்படுத்தியது ஆர்னிஸ் என்னும் திறமூல மென்பொருள். ஜெர்மனியின் மிகச் சிறிய நகரத்தின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். சிற்றூர்க்காரர்களாகிய நமக்கு இச்செய்தியே ஓர் ஆறுதல்!

நாடுகளே செய்த முயற்சிகள்

இது பிள்ளைகளின் பொழுதுபோக்கு மட்டுமன்று. அரசு நிறுவனங்களே முன்வந்து செய்திருக்கின்றன. 2013ஆம் ஆண்டில் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே, பெரிய பிரிட்டன் முழுவதையும் மைன்கிராஃப்ட் உலகமாக வெளியிட்டது. ஏறக்குறைய 2 இலட்சத்து 24 ஆயிரம் சதுர கிலோமீட்டர் நிலம். 2,200 கோடிக் கட்டைகள். ஒரு கட்டைக்கு 50 மீட்டர் என்ற அளவில் அது சுருக்கப்பட்டிருந்தது. இந்நிறுவனம் 2010இல்தான் தன் தரவின் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. திறந்த மூன்றே ஆண்டில் அத்தரவு விளையாட்டு உலகமாகிவிட்டது.

2014இல் டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அந்நாட்டின் புவித்தரவு நிறுவனம், ஏறக்குறைய 43,000 சதுர கிலோமீட்டர் நாட்டையும் ஒன்றுக்கு ஒன்று என்ற உண்மை அளவில் கட்டிக் காட்டியது. கட்டைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 4 இலட்சம் கோடி! பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தெருவில் நடந்து பார்த்து, ஊர் அமைப்பைக் கற்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கங்களுள் ஒன்று. டென்மார்க்கால் இதைச் செய்ய முடிந்ததற்கு இயற்கையும் ஒரு காரணம். அந்நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடே ஏறக்குறைய 171 மீட்டர்தான். அன்றைய மைன்கிராஃப்டின் உயர வரம்பாகிய 256 கட்டைகளுக்குள் நாடு முழுவதும் அடங்கிவிட்டது.

நம் கினபாலு மலையை அவ்வாறு அடக்க இயலுமா? மலையின் உயரம் 4,095 மீட்டர். இப்போது விளையாட்டின் மேல்வரம்பு 320ஆம் அடுக்கு. கடல் மட்டம் ஏறக்குறைய 63ஆம் அடுக்கில் இருக்கிறது. மேலே எஞ்சுவது ஏறத்தாழ 257 கட்டைகள். அப்படியானால் மலையை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும்? 4,095ஐ 257ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 16. இந்தக் கேள்வியை நான் கணித வகுப்பில் கேட்டேன். விகிதம் என்றாலே கொட்டாவி விடும் பிள்ளைகள், அன்று மணியடித்த பிறகும் எழுந்து போகவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் "தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு" என்ற பாடத்தை எத்தனை முறை எழுதியிருப்போம்! பிள்ளைக்குத் தெரிந்தது இது என்றால், இங்கிருந்து தொடங்குவதில் என்ன தவறு?

தரவு பொய் சொன்னால்?

2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஃபிளைட் சிமுலேட்டர் என்னும் விமான விளையாட்டு வெளிவந்தது. வான்படங்களையும் செயற்கை நுண்ணறிவையும் கொண்டு உலகெங்கும் 150 கோடிக் கட்டடங்களை அது எழுப்பியிருந்தது. அதில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்கு மேலே பறந்தவர்கள் திகைத்துப் போனார்கள். சாதாரண வீடுகள் நிறைந்த ஒரு புறநகர்ப் பகுதியில் 212 மாடிக் கோபுரம் ஒன்று ஊசிபோல் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது!

நடந்தது என்ன? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒருவர் ஒரு கட்டடத்திற்கு "2 மாடி" என்று எழுதுவதற்குப் பதிலாக "212" என்று தட்டிவிட்டார். வேறொரு தன்னார்வலர் அதனைக் கண்டு பின்னர் திருத்தியும் விட்டார். ஆனால், விளையாட்டை உருவாக்கியவர்கள் எடுத்து வைத்திருந்தது திருத்தத்திற்கு முந்தைய படி. ஒரு விரல் தவறியதால் ஒரு கோபுரம்! இலண்டனின் பக்கிங்காம் அரண்மனையோ, அதே விளையாட்டில் சாதாரண அலுவலகக் கட்டடம்போல் தோன்றியது. கணினிக்கு அரண்மனையும் தெரியாது, குடிசையும் தெரியாது; கொடுத்ததைக் கட்டும், கொடுக்காததை ஊகிக்கும்.

வேண்டுமென்றே பொய் எழுதியவர்களும் உண்டு. போக்கிமோன் கோ விளையாட்டு 2016 ஆகஸ்டில் நம் நாட்டிற்கும் சிங்கப்பூருக்கும் வந்தபோது, திடல்களிலும் பூங்காக்களிலும் இளையர்கள் திரண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2017 டிசம்பரில் அவ்விளையாட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திற்கு மாறியது. பூங்காவில் அரிய உயிரிகள் கிடைக்கும் என்று அறிந்த சிலர், தம் வீட்டருகே இல்லாத பூங்காக்களை வரைபடத்தில் வரைந்து வைத்தார்கள். தன்னார்வலர்கள் அவற்றைத் தேடித் தேடி அழிக்க வேண்டியதாயிற்று.

இவை வெறும் வேடிக்கைச் செய்திகள் அல்ல. இருப்பதை இருப்பதாக எழுத வேண்டும், எழுதியதைச் சரிபார்க்க வேண்டும் என்ற பாடத்தை இவற்றைவிட எளிதாகப் பிள்ளைகளுக்கு உணர்த்த முடியாது.

காடு என்று குறிக்கப்பட்ட ஊர்

212 மாடிக் கோபுரம் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டிய பிழை. இருப்பதை இல்லை என்று காட்டும் பிழையோ யார் கண்ணுக்கும் தெரியாது, சிரிப்பதற்கும் ஆளிருக்காது. என் மாணவனின் பாட்டி கண்டது இந்த இரண்டாவது பிழையைத்தான்.

கென்யாவின் தலைநகர் நைரோபியில் கிபேரா என்னும் மக்கள் நெருக்கம் மிகுந்த குடிசைப் பகுதி உண்டு. பெருந்தொகையான மக்கள் வாழ்ந்தும், பழைய வரைபடங்களில் அது காடு என்றே குறிக்கப்பட்டிருந்தது. 2009ஆம் ஆண்டு அப்பகுதி இளைஞர்களே இடங்காட்டிக் கருவிகளைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார்கள். பள்ளி, மருந்தகம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை, தேவாலயம், பள்ளிவாசல் என ஒவ்வொன்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிந்தார்கள். காடு ஊராயிற்று!

அதோடு முடியவில்லை. 2012இல் ஐக்கிய நாடுகளின் வாழ்விடத் திட்டமும் மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனமும் இணைந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. அதன் முதல் முயற்சிகளுள் ஒன்று கிபேராவில் உள்ள சிலாங்கா விளையாட்டுத் திடல். அத்திடலை மைன்கிராஃப்டில் அமைத்து, "இங்கு உங்களுக்கு என்ன வேண்டும்? நீங்களே கட்டிக் காட்டுங்கள்" என்று அப்பகுதி மக்களிடம் கேட்டார்கள். கட்டட வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் கட்டைகளை அடுக்கித் தம் விருப்பத்தைச் சொல்ல முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன. கிபேராவிற்குக் காடு என்றால், நமக்குச் செம்பனை. வரைபடத்தில் ஒரே பச்சை. அந்தப் பச்சைக்குள் கோயில் இருக்கலாம், இடுகாடு இருக்கலாம், பழைய பள்ளிக் கட்டடம் இருக்கலாம், பெரட்டுக்களம் இருந்திருக்கலாம். வரைபவர் அறியாததை வரைய முடியாதல்லவா? அறிந்தவர்களோ நாம். நாம் வரையவில்லை. பிழை யாருடையது?

இரண்டு வழிகள்

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, இன்னும் இருப்பவை. செம்பனைக்கு நடுவே இன்றும் பூசை நடக்கும் கோயில், மக்கள் நடக்கும் மண்சாலை, தமிழ்ப்பள்ளியின் உண்மையான கட்டட வடிவம். இவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஓர் இடத்தின் பெயரைத் தமிழிலும் பதிவதற்கென்றே அங்குத் தனி இடம் இருக்கிறது. மலாய்ப் பெயரை நீக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்திலேயே தமிழ்ப் பெயரும் அமரலாம். ஆனால், நாமாக மொழிபெயர்த்து ஒரு பெயரை உருவாக்கி எழுதக் கூடாது. மக்கள் வாயில் வழங்கும் பெயரைத்தான் எழுத வேண்டும். பாட்டியின் தோட்டத்திற்கு அலுவலகத்தில் ஓர் ஆங்கிலப் பெயர். தோட்டத்து மக்கள் அழைத்ததோ "இரட்டைப் பாலத் தோட்டம்". அந்தப் பெயரை இன்று சொல்பவர்கள் அறுபது வயதைக் கடந்தவர்கள் மட்டுமே.

இரண்டாவது, இப்போது இல்லாதவை. இடிக்கப்பட்ட லயங்கள், மூடப்பட்ட ஆலை, அழிந்துபோன பெரட்டுக்களம். இவற்றை அந்த வரைபடத்தில் சேர்க்கக் கூடாது. இன்று நிலத்தில் நேரில் சென்று சரிபார்க்கக் கூடியதை மட்டுமே அது ஏற்கும். நம் பாசத்திற்காக அந்த விதியை மீறினால், இல்லாத பூங்காவை வரைந்தவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு இராது.

அப்படியானால் லயத்திற்கு வழியே இல்லையா? இருக்கிறது. இங்குதான் விளையாட்டு கைகொடுக்கிறது. மென்பொருள் கட்டித் தரும் உலகம் பிள்ளையின் சொந்தப் படி. அதில் அவன் எதையும் மாற்றலாம். லயம் போய்விட்டது; ஆனால், அது நின்ற மேடும், அதன் கீழே ஓடிய ஆற்றின் வளைவும் தரவில் இன்னும் இருக்கின்றன. அந்த மேட்டின் மீது பாட்டி சொல்லச் சொல்லப் பேரன் கட்டட்டும். "எத்தனை வீடு ஒரு வரிசையில்? தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம்? கிராணி வீடு எங்கே?" என்று அவன் கேட்கட்டும். வரைபடத் தரவு நிலத்தைத் தரும். நினைவு ஊரைத் தரும்.

எழக்கூடிய எதிர்ப்புகள்

இதனை என் சக ஆசிரியர்களிடமும் சில பெற்றோரிடமும் சொன்னபோது எழுந்த வினாக்களையும் என் விடைகளையும் தருகிறேன்.

1. "ஏற்கெனவே திரையை விட்டு எழுவதில்லை, நீங்களும் தூண்டிவிடுகிறீர்களா?" ஞாயமான அச்சம். ஆனால், இந்தப் பணியில் பெரும்பகுதி திரைக்கு வெளியே நடப்பது. நடப்பது, அளப்பது, கேட்பது, குறிப்பெடுப்பது. கணினி கடைசியில்தான் வருகிறது. அந்தக் கடைசி இருப்பதனால்தான் பிள்ளை முதலில் நடக்கச் சம்மதிக்கிறான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2. "பாடத்திட்டத்தில் எங்கே இருக்கிறது?" அச்சுத்தூரமும் விகிதமும் கணிதத்தில் இருக்கின்றன. நேர்காணல் எடுத்தல், கட்டுரை வரைதல் ஆகியவை தமிழ்மொழியில் இருக்கின்றன. வரலாறு இருக்கிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபோது, "இனிப் பிள்ளைகள் செய்து கற்கட்டும்" என்று நாமே பேசினோம். பேசியதைச் செய்வோம்.

3. "எல்லாரிடமும் கணினி இல்லையே?" உண்மை. என் வகுப்பிலும் பாதிப் பேரிடம் இல்லை. ஆகையால், வீட்டுப்பாடமாக இதனைக் கொடுக்காதீர்கள். பள்ளியில் ஒரு கணினி போதும். அளந்து வரைவதற்குக் கட்டத்தாளும் வண்ணப் பென்சிலும் போதும். கட்டத்தாளில் ஒரு கட்டம் ஒரு கட்டை. கணினி இல்லாத பிள்ளை வரைந்த தாளை வைத்தே கணினி உள்ள பிள்ளை கட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கும் இடமுண்டு.

4. "பாதுகாப்பு?" வரைபடத்தில் யார் வீடு எது என்று பெயர் எழுதக் கூடாது. பிள்ளைகளின் பெயரோ, படமோ, கைத்தொலைபேசி எண்ணோ எங்கும் இடம்பெறக் கூடாது. பொது வரைபடத்தில் பதியும் வேலையை ஆசிரியரோ பெற்றோரோ தம் கணக்கில் செய்ய வேண்டும். வணிக நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்துப் படியெடுக்கவும் கூடாது. அது பிறர் உடைமை. நம் கால்களால் நடந்து பார்த்ததே நம் தரவு.

5. கடைசி வினாவை ஒரு தந்தை கேட்டார். அதுதான் என்னை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. "அந்த லயத்து வாழ்க்கையிலிருந்து தப்பி வரத்தான் எங்கப்பா அவ்வளவு பாடுபட்டார் டீச்சர். அதைப் போய் என் மகன் ஏன் கட்டணும்?"

இதற்கு என்னிடம் உடனடி விடை இல்லை. தோட்ட வாழ்வைப் பொற்காலமாக்கிப் பேசுவது எனக்கும் உடன்பாடில்லை. ஒழுகும் கூரை, பொதுக் குழாய், குறைந்த கூலி, திடீரென்று வெளியேறச் சொன்ன அறிவிப்பு ஆகியவை நம் மூத்தோர் பட்ட பாடு. ஆனால், அதே வினாவைப் பாட்டியிடமும் கேட்டேன். அவர் சொன்னார்: "கஷ்டப்பட்ட எடந்தாங்க டீச்சர். ஆனா, நாங்க அங்க இருந்தோம்ல?"

நாங்கள் அங்கே இருந்தோம். அவ்வளவுதான். அதை மட்டுமே பதியச் சொல்கிறேன். அழகுபடுத்த வேண்டாம், ஒழுகிய கூரையை ஒழுகிய கூரையாகவே பேரன் கட்டட்டும். எதிலிருந்து வந்தோம் என்று அறியாத பிள்ளைக்கு, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதும் தெரியாது. அந்தத் தந்தை முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். தம் மகன் பங்குபெற ஒப்புதல் கொடுத்தார், அதுவே போதும்.

நாங்கள் செய்தது

ஒரு சனிக்கிழமை காலை, ஆறு மாணவர்கள், மூன்று பெற்றோர், பாட்டி, நான் ஆகியோர் கோயில் பொறுப்பாளரிடமும் தோட்ட நிருவாகத்திடமும் முன்கூட்டியே அனுமதி பெற்றுச் சென்றோம். மாணவர்கள் முதலில் பள்ளித் திடலில் தத்தம் காலடி நீளத்தை அளந்து வைத்திருந்தார்கள். கோயிலைச் சுற்றி நடந்து அடிகளை எண்ணினார்கள். ஒருவன் எண்ணியதும் மற்றொருத்தி எண்ணியதும் பொருந்தவில்லை, மீண்டும் நடந்தார்கள். மண்சாலை எங்கே வளைகிறது, பாலம் எங்கே இருக்கிறது என்று தாளில் குறித்தார்கள். பாலம் ஒன்றுதான் இருந்தது. "இரட்டைப் பாலமாச்சே?" என்று கேட்டதற்கு, இன்னொன்று வெள்ளத்தில் போய்விட்டது என்றார் பாட்டி. பெயரில் மட்டும் எஞ்சிய பாலம்!

அன்று மாலை ஒரு தந்தையின் கணக்கில் கோயிலையும் சாலையையும் பாலத்தையும் பதிந்தோம். தமிழ்ப் பெயரையும் சேர்த்தோம். சில நாள்கள் கழித்து மாணவன் மீண்டும் தன் ஊரைக் கட்டிப் பார்த்தான். பச்சைக்கு நடுவே கோயில் வந்திருந்தது. வந்தது ஒரு வெறும் பெட்டி! கோபுரம் இல்லை, கொடிமரம் இல்லை, வாசலில் வேப்பமரமும் இல்லை. அவனுக்குப் பெருத்த ஏமாற்றம். பாட்டிதான் சிரித்தார். "எடம் கெடைச்சிருச்சில்ல? மிச்சத்த நீ கட்டு" என்றார். இப்போது அவன் கட்டிக்கொண்டிருக்கிறான். லயத்தின் முதல் வரிசையில் எத்தனை வீடு என்பதில் பாட்டிக்கும் அவர் தங்கைக்கும் இன்னும் கருத்து வேறுபாடு தீரவில்லை.

நிறைவாக

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! நம் பிள்ளைகள் விளையாடப்போகும் உலகங்கள் இனிமேல் பெரும்பாலும் வரைபடத் தரவிலிருந்தே எழும். அந்த உலகத்தில் நம் ஊர் எப்படித் தோன்றும் என்பதை யாரோ ஒருவரின் ஊகத்திற்கு விட்டுவிடப் போகிறோமா? மைன்கிராஃப்ட் இன்று இருக்கும், நாளை வேறொன்று வரும். வரைபடத்தில் உண்மையாகப் பதிந்தது அடுத்து வருவதற்கும் பயன்படும்.

வரும் பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு செயலைச் செய்யுங்கள். உங்கள் வீட்டு மூத்தவரை அழைத்துக்கொண்டு, பிள்ளையின் கையில் ஒரு கட்டத்தாளையும் பென்சிலையும் கொடுத்து, அவர் வாழ்ந்த இடத்திற்குப் போய்வாருங்கள். என்னென்ன இருந்தன, அவற்றை எப்படி அழைத்தார்கள் என்று பிள்ளையே கேட்டு எழுதட்டும். கணினி காத்திருக்கும், அதற்கு அவசரமில்லை. மூத்தவர்களின் நினைவு காத்திராது.

நடப்போம், கேட்போம், பதிவோம்!

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை